ஆயா ஏன் மணையில் உட்காரக் கூடாது?

யானைக்கவுனியிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள்:

"மாமா, எங்க ஆயாவுக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியில இடுப்பு மூட்டு மாத்தியிருக்காங்க. இப்ப நல்லா நடக்கறாங்க. ஆனா தரையில உக்காரக் கூடாது, மணை போட்டும் உக்காரக் கூடாது, கால் மேல கால் போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வால்டாக்ஸ் ரோட்டுல மணை போட்டு உக்காந்து பூ கட்டியே எங்க அப்பாவை வளர்த்தவங்க அவங்க. உள்ள வெச்சிருக்கறது ஸ்டீலு, எலும்பைவிட ஸ்ட்ராங்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஸ்ட்ராங்கா இருந்தா ஏன் உக்காரக் கூடாது?"

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அவள் சொல்வது ஸ்டான்லி மருத்துவமனையைத்தான். வடசென்னைக்காரர்களுக்கு இன்றும் அந்தப் பழைய பெயர்தான் வாயில் வரும். இனி அவளுக்கே பதில் சொல்கிறேன், மற்றவர்களும் கேளுங்கள்.

உன் ஆயாவுக்கு வைத்திருக்கும் மூட்டு கெட்டியானது, சந்தேகமே வேண்டாம். ஆனால் உடையாமல் இருப்பது ஒன்று, இடம் விலகாமல் இருப்பது வேறொன்று. டாக்டர் பயப்படுவது இரண்டாவதைப் பற்றி. இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் சுழலும் ஒரு பந்து. அந்தப் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டால், எவ்வளவு கெட்டியான உலோகமாக இருந்தும் பயனில்லை. ஆயா வலியில் துடித்துப்போவார், காலை ஊன்ற முடியாது. அப்படி விலகாமல் இருப்பது பொருளின் கெட்டித்தன்மையைவிட வடிவத்தைத்தான் அதிகம் பொறுத்திருக்கிறது. பந்து எவ்வளவு பெரிது, அதைத் தாங்கும் கழுத்து எவ்வளவு தடிமன், கிண்ணம் எவ்வளவு ஆழம், அதை எந்தச் சாய்வில் பதித்தார்கள் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். சில மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ஒரு மனுஷி தரையில் உட்காரலாமா கூடாதா என்பது மாறிவிடும்.

பிறவி மூட்டிலிருந்து தொடங்குவோம். தொடை எலும்பின் மேல்நுனியில், ஒடுங்கிய கழுத்தின் மேல் ஓர் உருண்டை. பெரியவர்களுக்கு அதன் விட்டம் ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிமீட்டர். அது இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பந்து கிண்ண மூட்டு என்று பாடத்தில் படித்திருப்பாய். குழியின் விளிம்பைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையம் ஒன்று பந்தைக் கவ்விப் பிடிக்கிறது. அதற்கு வெளியே எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தடித்த நார்கள். நம் உடம்பிலேயே மிக வலுவான பிணைப்பு நார் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதற்கும் வெளியே பிட்டத்துத் தசைகள். இத்தனை காவல் இருப்பதால்தான் நீ பாண்டி ஆடும்போது ஒற்றைக் காலில் குதித்தாலும் மூட்டு அசைவதில்லை.

ஒற்றைக் காலில் நிற்கும்போது மூட்டுக்கு வரும் பாரம் உடம்பின் எடை மட்டுமல்ல. தூக்கிய காலின் பக்கம் உடம்பு சாயப் பார்க்கும். சாயவிடாமல், ஊன்றிய காலின் பக்கத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். எடையும் அந்த இழுப்பும் சேர்ந்து பந்தை அழுத்துகின்றன. சாதாரணமாக நடக்கும்போதே இந்த அழுத்தம் உடல் எடையைவிட இரண்டரை, மூன்று மடங்கு ஆகிவிடும். உன் ஆயா 50 கிலோ என்றால், ஒவ்வோர் அடிக்கும் 150 கிலோ வரை. இதில் ஒரு நன்மையும் உண்டு. தசை இழுக்கும்வரை பந்து கிண்ணத்துக்குள் அழுந்தியே இருக்கும். அதனால்தான் செயற்கை மூட்டை வடிவமைப்பவர்கள் பந்தின் மையம் தொடை எலும்பின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். அந்தத் தூரம் குறைந்தால் தசை தளர்ந்துவிடும். தசை தளர்ந்தால் பந்துக்குப் பிடிப்புப் போய்விடும்.

நீ இருப்பது யானைக்கவுனி. அடுத்த கதையிலும் யானை வருகிறது. செயற்கை மூட்டை முதலில் செய்தது இரும்பில் அல்ல, தந்தத்தில். 1890-ல் பெர்லினில் தெமிஸ்டோகிளிஸ் குளூக் என்ற அறுவை மருத்துவர், காசநோய் அரித்த மூட்டுகளின் இடத்தில் தந்தத்தில் கடைந்த மூட்டுகளை வைத்துப் பார்த்தார். உள்ளே கிருமி அப்படியே இருந்ததால் அவை நிலைக்கவில்லை. அதோடு தந்தத்தின் கதை முடிந்திருக்கலாம், முடியவில்லை.

யானைகள் தேக்கு மரம் இழுத்த பர்மாவில், மாண்டலே பொது மருத்துவமனையின் எலும்புச் சிகிச்சைத் தலைவராக டாக்டர் சான் பாவ் என்பவர் இருந்தார். தொடை எலும்பின் கழுத்து முறிந்து, ஒட்டாமலே போய்விட்டவர்கள் அவரிடம் வந்தார்கள். உலோகப் பந்தைவிட அங்கே தந்தம் மலிவு. 1960-ல் 83 வயது பௌத்த பிக்குணி ஒருவருக்கு அவர் முதன்முதலில் தந்தப் பந்து பொருத்தினார். அதன்பின் 1980-கள் வரை முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தினார். 1969 செப்டம்பரில் லண்டனில் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர்கள் சங்க மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். 24 வயதிலிருந்து 87 வயது வரையிலான அவருடைய நோயாளிகளில் நூற்றுக்கு 88 பேருக்குச் சிகிச்சை பலித்தது. அவர்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், பந்து விளையாடினார்கள். குத்துக்காலிட்டும் உட்கார்ந்தார்கள்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தரையில் வாழும் மக்களின் டாக்டர் அவர். குத்துக்காலிட முடிகிறதா என்பதையும் வெற்றியின் அளவுகோலில் அவர் சேர்த்துக்கொண்டார்.

அவர் இதைச் செய்துகொண்டிருந்த அதே 1960-களில்தான் பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்கள் குடும்பங்கள் இருக்கின்றன. பர்மா பஜார் பக்கம் நீ சாப்பிடும் அத்தோ அவர்கள் கொண்டுவந்ததுதான்.

சான் பாவின் நோயாளிகளால் எப்படிக் குத்துக்காலிட முடிந்தது? தந்தம் பக்கத்துத் திசுக்களோடு நன்றாக ஒட்டி உறவாடியது என்று அவர் கண்டார். அதைத் தவிர வடிவத்திலும் ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் மாற்றியது பந்தை மட்டுமே. கிண்ணம் நோயாளியின் சொந்தக் கிண்ணம். சொந்தக் கிண்ணத்தில் உட்கார வேண்டுமானால் பந்தும் பிறவிப் பந்தின் அளவிலேயே இருந்தாக வேண்டும். பெரிய பந்து சுலபத்தில் வெளியே வராது. முழு மூட்டையும் மாற்றும்போது கதை வேறு. கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைக்க வேண்டியிருப்பதால், பந்து சிறுத்துப்போகிறது.

(தந்தம் வாங்குவதும் விற்பதும் இன்று குற்றம். அது சரியான சட்டம். இப்போது பந்துகள் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகத்திலோ செராமிக்கிலோ செய்யப்படுகின்றன.)

பந்தின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நீயே வரைந்து பார்க்கலாம். ஜியோமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொள். காம்பஸை 11 மில்லிமீட்டருக்கு வைத்து, வாய் மேலே பார்க்கும்படி ஓர் அரைவட்டம் போடு. இது கிண்ணம். வேறொரு தாளில் அதே ஆரத்தில் முழுவட்டம் வெட்டி, அதன் நடுவிலிருந்து வெளியே நீளும்படி 12 மில்லிமீட்டர் அகலப் பட்டை ஒன்றை ஒட்டு. வட்டம் பந்து, பட்டை கழுத்து. வட்டத்தின் மையத்தை அரைவட்டத்தின் மையத்தில் வைத்துக் குண்டூசியால் குத்து. இப்போது பட்டையை இடதும் வலதும் ஆட்டு. பட்டையின் ஓரம் கிண்ண விளிம்பில் எங்கே இடிக்கிறது என்று குறித்துப் பாகைமானியால் அளந்தால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஏறக்குறைய 114 பாகை வரும். அடுத்து எல்லாவற்றையும் 18 மில்லிமீட்டர் ஆரத்தில் செய். பட்டை மட்டும் அதே 12 மில்லிமீட்டர். இப்போது 141 பாகை! கழுத்து மாறவில்லை, பந்து பெரிதானதால் மட்டுமே கால் இன்னும் 27 பாகை கூடுதலாக மடங்கும்.

கழுத்து விளிம்பில் இடித்த பிறகும் காலை மேலும் மடக்கினால் என்ன ஆகும்? நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? விளிம்பு ஆதாரப்புள்ளி ஆகிவிடும், நீளமான தொடை எலும்பு நெம்புகோல் ஆகிவிடும். பந்து எதிர்ப்பக்கமாக நெம்பி எழும்பும். கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டால் விலகல்தான். தாண்டுவதற்கு அது ஏற வேண்டிய உயரமும் பந்தின் அளவைப் பொறுத்ததே. உன் முதல் படத்தில் மையம் 11 மில்லிமீட்டர் ஏற வேண்டும், இரண்டாவதில் 18. உடம்புக்குள் கிண்ணம் சாய்ந்திருப்பதால் இந்த உயரம் இன்னும் குறையும். சிறிய பந்துக்கு இரண்டு பக்கமும் நட்டம்: சீக்கிரம் இடிக்கும், சீக்கிரம் தாண்டும்.

அப்படியானால் எல்லோருக்கும் பெரிய பந்தே வைத்துவிடலாமே என்று நீ கேட்பாய். இங்கேதான் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி வருகிறார். இன்றைய இடுப்பு மாற்றுச் சிகிச்சை அவரிடமிருந்து வந்தது. லங்காஷயரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அவர் வேண்டுமென்றே சிறிய பந்தைத் தேர்ந்தெடுத்தார்: 22.225 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. நீ வரைந்த முதல் படம் கிட்டத்தட்ட அதன் அசல் அளவு. பந்து சிறிதாக இருந்தால் உராய்வு கிண்ணத்தைத் திருகும் விசை குறையும், எலும்போடு கிண்ணம் பிடித்த பிடி தளராது என்பது அவருடைய கணக்கு. ஒரே பாகை திரும்பும்போது பெரிய பந்தின் மேற்பரப்பு அதிகத் தூரம் தேய்த்துக்கொண்டு போகும். 11 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் 18-க்கும் வில்லின் நீளத்தைக் கணக்குப் போட்டுப் பார், ஒன்றரை மடங்கைத் தாண்டும். தேய்மானமும் கூடும்.

சார்ன்லியின் முதல் கிண்ணங்கள் டெஃப்லானில் செய்தவை. 1950-களின் கடைசியில் வைக்கத் தொடங்கினார். இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அவை தேய்ந்து, துகள்கள் மூட்டைச் சுற்றிப் புண்ணாக்கின. தான் வைத்ததை எல்லாம் தானே திரும்பத் திறந்து எடுக்க வேண்டியிருந்தது அவருக்கு. உடம்பு டெஃப்லானை எப்படி ஏற்கிறது என்று தெரிந்துகொள்ளத் தன் தொடைக்குள்ளேயே அதை வைத்துப் பார்த்தார்! பிறகு 1962-ல், நெசவுத் தறிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் ஒரு பிளாஸ்டிக்கை விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்தார். லங்காஷயர் நெசவு ஆலைகளின் ஊர், பின்னி மில் இருந்த காலத்து நம் பெரம்பூரைப்போல. சார்ன்லி அதை நம்பவில்லை. அவருடைய ஆய்வுக்கூட உதவியாளர் ஹாரி கிரேவன்தான் விடாமல் அதைத் தேய்ப்பு எந்திரத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தார். அதுதான் பாலிஎத்திலீன், மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட வகை. அந்த ஆண்டு நவம்பரில் அது முதல் நோயாளியின் இடுப்புக்குள் போனது. இன்றும் உலகில் பெரும்பாலான கிண்ணங்களின் உள்பக்கம் அந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக்தான்.

பாலிஎத்திலீனும் தேயும், மெதுவாக. உதிரும் நுண்துகள்களை விழுங்க வரும் உடம்பின் காவல் அணுக்கள் அவற்றைச் செரிக்க முடியாமல் கிளர்ச்சியடைந்து, பக்கத்து எலும்பையும் கரைத்துவிடும். பிடிமானம் போய் மூட்டு ஆடத் தொடங்கும். 1990-களின் இறுதியில் இதற்கு வழி கிடைத்தது: பாலிஎத்திலீனைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அதன் மூலக்கூறு இழைகளைக் குறுக்கே பிணைத்தார்கள். தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. அதன்பிறகுதான் 32, 36 மில்லிமீட்டர் பந்துகளைத் தைரியமாக வைக்க முடிந்தது. பந்தின் அளவைக் கூட்ட உதவியது ஒரு வேதியியல் மாற்றம். வடிவமும் பொருளும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன.

அதை மறந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டில் பந்து பெரிது, கிண்ணமும் உலோகம். பிளாஸ்டிக் கிடையாது. கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. ஆழம் குறைவானதால், கிண்ணம் கொஞ்சம் செங்குத்தாக அமைந்துவிட்டாலே பந்து அதன் விளிம்பில் ஏறி அழுத்தியது. உலோகம் உலோகத்தோடு உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதிலும் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 4,700 அறுவைகள் நடந்திருந்தன. இங்கே அரசு நிபுணர் குழு அமைத்து இழப்பீட்டுக்கு வழி செய்ய 2018 ஆகிவிட்டது. நோயாளிகள் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பெரிய பந்து நல்லது என்ற பாதி உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டு, கிண்ணத்தின் ஆழத்தையும் தேய்மானத்தையும் விட்டுவிட்டதன் விலை அது.

மீதிப் பாதியையும் சேர்த்து யோசித்தவர் பிரான்ஸின் சேந்த் எத்தியேன் நகரத்து மருத்துவர் ஜில் பூஸ்கே. 1970-களில் அவர் செய்தது எளிமையானது, அழகானது. சின்ன உலோகப் பந்து. அது ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் சிக்கிச் சுழலும். அந்தப் பெரிய பந்து வெளிக்கிண்ணத்துக்குள் தனியாகச் சுழலும். அன்றாட நடையில் உள்பந்துதான் திரும்புகிறது, ஆகவே தேய்மானம் சின்னப் பந்தின் அளவுக்கே. காலை மிகவும் மடக்கும்போது கழுத்து பிளாஸ்டிக் பந்தில் இடித்து அதையும் தன்னோடு திருப்புகிறது. அந்த நேரத்தில் நமக்குக் கிடைப்பது பெரிய பந்தின் பாதுகாப்பு. விலகும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு நம் நாட்டிலும் இதை வைக்கிறார்கள்.

எவ்வளவு நல்ல வடிவமும் சரியான சாய்வில் பதித்தால்தான் வேலை செய்யும். 1978-ல் லூயினெக் என்பவரும் அவருடைய குழுவினரும் 300 செயற்கை இடுப்புகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் விலகியவை ஒன்பது. கிண்ணம் பக்கவாட்டில் 40 பாகையும் முன்னோக்கி 15 பாகையும் சாய்ந்திருக்கலாம், பத்துப் பாகை முன்பின் போகலாம் என்று அவர்கள் ஓர் எல்லை வகுத்தார்கள். இன்றும் அதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் அந்த எல்லைக்குள் இருந்தும் விலகிய மூட்டுகள் பிற்பாடு நிறையக் கண்ணில் பட்டன. காரணம், நாம் உட்காரும்போது இடுப்பெலும்பே பின்னால் உருளுகிறது, கிண்ணமும் அதோடு சாய்கிறது. முதுகெலும்பு விறைத்துப்போன வயதானவர்களுக்கு அந்த உருளல் குறைவு. அவர்களுக்குக் கழுத்து சீக்கிரம் இடித்துவிடும்.

இப்போது உன் ஆயாவின் மணைக்கு வா. மணையின் உயரம் ஒரு சாண்கூட இருக்காது. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும். பூக்கூடையை எடுக்க முன்னால் குனிந்தால் தொடையும் உடம்பும் இன்னும் நெருங்கும். அப்போது முழங்கால் உள்பக்கம் திரும்பினால், கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் இடித்து, பந்து பின்பக்கமாக எழும்பும். அறுவைக்காகத் திறப்பது பெரும்பாலும் பின்பக்கம்தான். வெட்டித் தைத்த தசையும் நாரும் முழுப் பலம் பெறாத முதல் மூன்று மாதங்களில்தான் விலகல்கள் அதிகம் நேர்கின்றன. கால் மேல் கால் போடுவதும் தொடையை உள்பக்கம் இழுப்பதால் அதே ஆபத்து. ஆகவே முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி உயரமான ஸ்டூல் வேண்டும். கூடையையும் நாரையும் அதே உயரத்தில் ஒரு மேசைமேல் வைத்துக் கொடு, ஆயா குனிய வேண்டியிருக்காது. மூன்று மாதம் கழித்து என்னென்ன செய்யலாம் என்பதை ஆயாவின் டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளே எந்த அளவுப் பந்து, எந்தச் சாய்வில் கிண்ணம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மணையில் உட்கார முடியாததை ஆயாவின் குறையாகப் பார்க்காதே. இந்த மூட்டுகளின் கோணங்களை முதலில் கணக்குப் போட்டவர்கள் நாற்காலியில் உட்காரும் ஊர்க்காரர்கள். சான் பாவைப்போல, உட்காரும் தரையிலிருந்து கணக்கைத் தொடங்குபவர்கள் நமக்கு இன்னும் பலர் வேண்டும். எழும்பூரிலோ ராயபுரத்திலோ படிக்கும் ஒரு பிள்ளை நாளைக்கு அதைச் செய்யக்கூடும்.

ஆயா மயக்கத்தில் இருந்தபோது அறுவை மேசைமேல் என்ன நடந்திருக்கும் என்றும் தெரிந்துகொள். அசல் பந்தை டாக்டர் உடனே வைத்துவிட மாட்டார். முதலில் சோதனைப் பந்து ஒன்றை, தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டின் நுனியில் மாட்டி, மூட்டைச் சேர்த்து, காலை 90 பாகைக்கு மடக்குவார். மடக்கியபடியே உள்பக்கம் திருப்புவார், எங்கே எழும்புகிறது என்று விரலை வைத்துப் பார்ப்பார். காலை நீட்டி, பிடித்து இழுத்தும் பார்ப்பார். தளர்வாக இருந்தால் அந்தப் பந்தைக் கழற்றிவிட்டு, கழுத்து சில மில்லிமீட்டர் நீளமாக அமையும் வேறொன்றை மாட்டி மறுபடி எல்லாவற்றையும் செய்வார். இரண்டு காலும் ஒரே நீளம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்வார். கழுத்து நீண்டால் காலும் நீளும் அல்லவா? எந்தப் பக்கம் திருப்பினாலும் பந்து விலகாமல் நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான், பக்கத்தில் நிற்கும் நர்ஸிடம் அசல் பந்தின் எண்ணைச் சொல்லி உறையைப் பிரிக்கச் சொல்வார்.